கருப்பட்டி நிறத்தில் ஒரு கட்டி

கழுத்து வலி என்று வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வலது கை விரல்கள் மரத்துப்போய், சட்டைப் பொத்தான் போடவே தடுமாறினார். எம்.ஆர்.ஐ.யில் கழுத்தெலும்பின் பின்பக்கம் ஒரு கட்டி, தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. வேறொரு மருத்துவமனையில் டி.பி.யாகத்தான் இருக்கும் என்று மாத்திரையே தொடங்கிவிட்டார்கள். வீட்டிலோ புற்றுநோய் என்று முடிவுகட்டி அழுதுகொண்டிருந்தார்கள். இரண்டுமே இல்லை.

முதுகெலும்புகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில், பின்பக்கம் சிறு மூட்டுகள் உண்டு. ஃபேசட் மூட்டு என்போம். முழங்காலுக்குள் இருப்பது போலவே இவற்றுக்குள்ளும் சைனோவியம் என்ற சவ்வு இருக்கிறது. அது தடித்துக் கட்டியாக வளர்வதுதான் இந்த நோய். இதற்குப் பி.வி.என்.எஸ். என்று பெயர். 1941-இல் ஜாஃபே, லிச்டன்ஸ்டைன், சுட்ரோ என்ற மருத்துவர்கள் மூவரும் வைத்த 'பிக்மென்டட் வில்லோநாடுலர் சைனோவைட்டிஸ்' என்ற பெயரின் சுருக்கம் அது. இப்போது டெனோசைனோவியல் ஜெயன்ட் செல் ட்யூமர் என்கிறோம். பெரும்பாலும் முழங்காலில்தான் வரும். முதுகுத்தண்டில் மிக அபூர்வம். உடலெங்கும் பரவும் புற்றுநோய் இல்லை. ஆனால் பக்கத்து எலும்பை அரிக்கும், நரம்பை நெரிக்கும்.

இந்தக் கட்டிக்குள் அடிக்கடி ரத்தம் கசியும். அந்த ரத்தத்தின் இரும்பு அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் எம்.ஆர்.ஐ.யின் டி1, டி2 என்ற இரண்டு வகைப் படங்களிலும் கட்டி கறுப்பாகத் தெரியும். அவருடைய படத்திலும் அந்தக் கறுப்பு இருந்தது. சந்தேகம் வந்தாலும் படத்தை மட்டும் நம்பக் கூடாது. சி.டி. பார்த்து ஊசி செலுத்தி, கட்டியிலிருந்து சோதனைக்குச் சிறு துணுக்கு, அதாவது பயாப்ஸி, எடுத்தோம். இரும்பு சுமந்த செல்களும் பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்களும் இருப்பதாகப் பேத்தாலஜி மருத்துவர் எழுதியிருந்தார். அப்புறம்தான் டி.பி. மாத்திரையை நிறுத்தினோம்.

அறுவை சிகிச்சையில் வெளியே எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தபோது, உடைத்த கருப்பட்டித் துண்டு போலவே இருந்தது. கட்டியோடு அந்த மூட்டையும் எடுக்க வேண்டியிருந்ததால், திருகாணி போட்டு எலும்புகளை இணைத்தோம்.

நம் ஊரில் முதுகெலும்பு டி.பி. நிறையவே உண்டு, முதலில் அதை நினைப்பதில் தவறில்லை. ஆனால் முடிந்தவரை, மாத்திரை தொடங்கும் முன் பயாப்ஸி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்று. துளி மிச்சமிருந்தாலும் இது மறுபடி வளரலாம். போன முறை வந்தபோது அவர், "வலியே இல்லையே டாக்டர், எதுக்கு ஸ்கேன்?" என்றார். சரி, இதைச் சொல்லிப் புரியவைத்து, எடுத்துவரச் சொல்லி அனுப்பினேன்.