ஆயாவுக்குத் தாயம் விழாத இரவு

வைகுண்ட ஏகாதசி இரவில் எங்கள் தெருவில் யாரும் தூங்குவதில்லை. குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, விடியும்வரை தாயம் ஆடுவோம். போன முறை நான்கு பேர் உட்கார்ந்தோம். மூன்று பேருக்குத் தாயம் விழுந்து காய் இறங்கிவிட்டது. ஆயாவுக்கு மட்டும் பத்து முறை உருட்டியும் தாயம் விழவில்லை. “இன்னாடா இது, கட்டைக்கு எம்மேல இன்னா கோவம்?” என்றார்.

கோபமெல்லாம் இல்லை, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் பித்தளைக் கட்டைக்கு நான்கு முகம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, அப்புறம் புள்ளியே இல்லாத வெறும் முகம். இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டினால் 4 × 4 = 16 விதமாக விழலாம். ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறும் முகமும் வந்தால் தாயம். அதற்கு இரண்டே விதம்தான். ஆக 16-ல் 2, அதாவது எட்டில் ஒன்று. இரண்டுமே வெறும் முகமாக விழும் பன்னிரண்டுக்கு 16-ல் 1. மூன்று விழத்தான் வாய்ப்பு அதிகம், 16-ல் 4. இப்படிக் கட்டையைத் தொடாமலே, முகங்களை எண்ணிச் சொல்வது கோட்பாட்டு நிகழ்தகவு. உருட்டி உருட்டி எழுதிவைத்து, விழுந்த தாயங்களை மொத்த உருட்டலால் வகுத்தால் வருவது பட்டறி நிகழ்தகவு. ஆயாவுக்கு அன்று அது பூஜ்யம்.

எட்டில் ஒன்று என்றால் எட்டு முறைக்கு ஒரு தாயம் கட்டாயம் விழும் என்று பொருள் இல்லை. ஒரு உருட்டலில் தாயம் விழாமல் போக வாய்ப்பு 7/8. பத்து முறையும் விழாமல் போக, அதையே பத்து தரம் பெருக்க வேண்டும். வருவது சுமார் 0.26. நான்கு பேர் ஆளுக்குப் பத்து முறை உருட்டினால், சராசரியாக ஒருவர் காய் இறக்காமல் காத்துக்கொண்டுதான் இருப்பார். அன்றைக்கு அது ஆயா.

“இத்தினி தடவ விழலியே, அடுத்தது விழுந்தே தீரும்” என்றார் அத்தை. ஆட்டத்தில் எல்லோரும் நம்புவது இது. ஆனால் கட்டைக்கு ஞாபகம் கிடையாது. பதினோராவது உருட்டலிலும் அதே எட்டில் ஒன்றுதான்.

சரி, பழைய குறை ஈடாகாது என்றால், நிறைய உருட்டும்போது எண்ணிச் சொன்ன கணக்கும் எழுதிவைத்த கணக்கும் எப்படித்தான் நெருங்கும்? ஜான் கெரிச் என்ற கணித ஆசிரியர் தென்னாப்பிரிக்காவிலிருந்து டென்மார்க் போயிருந்த நேரத்தில், 1940-ல், ஜெர்மன் படை உள்ளே நுழைந்தது. முகாமில் அடைபட்டவர் அங்கே ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிக் குறித்துவைத்தார். முதல் நூறில் தலை 44. ஆயிரத்தில் 502. பத்தாயிரத்தில் 5,067. நூறில் 6 குறைந்தது, பத்தாயிரத்தில் 67 கூடிவிட்டது. எண்ணிக்கையில் விலகல் பெருத்திருக்கிறது! சதவீதமோ 44-லிருந்து 50.67-க்கு வந்து பாதியை ஒட்டி நிற்கிறது. பழைய விலகலை யாரும் சரிக்கட்டுவதில்லை. குளத்தில் போட்ட ஒரு பிடி உப்பு போல, பெரிய எண்ணிக்கையில் அது தெரியாமல் போகிறது. கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி இதை முன்பே ஒரு நூலில் நிரூபித்திருந்தார். அவர் மறைந்த பிறகு, 1713-ல்தான் அந்த நூல் வெளிவந்தது.

பள்ளியில் பட்டறி நிகழ்தகவை, முகங்களை எண்ணும் சூத்திரத்துக்கு ஒரு படி கீழே வைத்தே சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முகங்கள் எல்லாம் சமம் என்று வைத்துக்கொண்டால்தான் சூத்திரம் நிற்கும். பத்து உருட்டலை வைத்துக் கட்டையைச் சந்தேகிக்கக் கூடாதுதான். ஆனால் ஆயிரக்கணக்கில் உருட்டியும் தாயம் எட்டில் ஒன்றை நெருங்கவில்லை என்றால், ஒருவேளை கட்டையின் ஓரம் தேய்ந்திருக்கும். அப்போது நோட்டில் எழுதியதைத்தான் நம்ப வேண்டும்.

கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை வைத்து ஆடுவார்கள். கருங்கல்லில் ஒரு பக்கத்தைத் தேய்த்து வெள்ளையாக்குவது வழக்கம். வெள்ளை, கறுப்பு என்று இரண்டே பக்கம் இருப்பதால் பாதிப்பாதி என்று சொல்லத் தோன்றும். ஆனால் தேய்த்த பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. எவ்வளவு தேய்த்தோம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கொட்டையும் ஒரு மாதிரி விழும். எண்ணிச் சொல்ல இங்கே வழியே இல்லை, போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஆயா கொட்டை தேய்க்கும்போது கவனித்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் திண்ணையில் பத்துப் பதினைந்து தடவை போட்டுப் பார்ப்பார். சிலதை முந்தானையில் முடிந்துகொள்வார், சிலதை எடுத்து மறுபடியும் கல்லில் வைத்துத் தேய்ப்பார்.