ஸ்கேனில் பிள்ளை மல்லாக்கக் கிடக்கிறதாம், என்ன செய்வது?

எட்டாம் மாதம் முடிகிற நேரத்தில் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டு, அந்தக் கடதாசியை மடித்துப் பிடித்தபடி கிளினிக்குக்கு வருகிற தாய்மார் அதிகம். "மிஸ், தலை கீழதான் கிடக்காம். ஆனா முகம் முன்பக்கமாம். அப்ப சிசேரியன்தானே?" என்பார்கள். கூட வந்த மாமி அதற்குள் ஈர்க்குமாற்றைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பா. "குந்தியிருந்து முற்றம் கூட்டு எண்டா கேக்கிறாளா? எந்நேரமும் செற்றியில சாஞ்சுகொண்டு போன் பார்த்தா பிள்ளை எப்படித் திரும்பும்?"

இரண்டு பேருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: அப்படி இல்லை. அந்த ஸ்கேனை வைத்துச் சிசேரியன் என்று யாரும் முடிவெடுப்பதில்லை. செற்றியையும் குற்றம் சொல்ல முடியாது.

பிள்ளையின் தலை கீழே இருக்கிறது, ஆனால் பிடரி தாயின் நாரிப் பக்கம், முகம் தாயின் வயிற்றுப் பக்கம். முதுகோடு முதுகு. அவ்வளவுதான் விஷயம். 34, 36 கிழமையில் பிள்ளை காலையில் ஒரு பக்கமும் மாலையில் இன்னொரு பக்கமுமாகக் கிடக்கும். பிரசவ நோவு தொடங்கும் நேரத்தில்கூட ஏறக்குறைய 5 பிள்ளைகளில் ஒன்று இப்படித்தான் இருக்கிறது. பிறக்கும் நேரத்தில் அதே நிலையில் இருப்பது மொத்தப் பிள்ளைகளில் 100க்கு 5 முதல் 8 வரைதான். மற்றவை எல்லாம் நோவின் போக்கிலேயே திரும்பிவிடுகின்றன. சிலருடைய இடுப்பெலும்பின் அமைப்பு காரணமாக இருக்கலாம். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் ஒட்டியிருப்பவர்களிடமும், தலைப்பிள்ளைக்காரரிடமும் சற்று அதிகம் காண்கிறோம். பலருக்குக் காரணம் என்று ஒன்றும் இருக்காது.

வயிற்றில் கை வைத்தாலே எங்களுக்கு ஓரளவு தெரியும். வழமையாக ஒரு பக்கத்தில் பிள்ளையின் முதுகு பலகைபோல நீளமாகப் படும். இந்தப் பிள்ளைகளில் அந்த முதுகு அகப்படாது. தொப்புளுக்குக் கீழே வயிறு சற்றுக் குழிந்திருக்கும். நடுக்கோட்டின் இரு பக்கமும் சின்னச் சின்ன முட்டுகள், காலும் கையும், கைக்குள் வந்து வந்து ஒளியும். இருதயத் துடிப்பைத் தேடினால் முன்னால் கேட்காமல் விலாப் பக்கம் போய்க் கேட்கும். தாயைக் கேட்டால், "முன்னுக்குத்தான் எல்லா உதையும் மிஸ், அடிக்கடி சலம் வருது, நாரி விட்டுப்போற மாதிரி உளையுது" என்பாள்.

சரி, உடற்பயிற்சி செய்து திருப்பலாமா? நியூசிலாந்தின் ஜீன் சட்டன் என்ற மருத்துவ மாது 1990களில் இதைப் பிரபலமாக்கினார். முழந்தாளிட்டுக் கைகளை ஊன்றி நில்லுங்கள், முன்னால் சாய்ந்து உட்காருங்கள், பிள்ளை திரும்பும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவுஸ்திரேலியாவில் 2,500க்கும் மேற்பட்ட தாய்மாரை வைத்து நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், 37ஆம் கிழமையிலிருந்து நாளுக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 10 நிமிடம் அப்படிச் செய்தவர்களுக்கும் வெறுமனே நடந்தவர்களுக்கும் பிறக்கும்போது பிள்ளையின் நிலையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே முற்றம் கூட்டாததால்தான் இப்படி ஆனது என்று எந்த மருமகளையும் குறை சொல்ல வேண்டாம்.

அதற்காக அந்த நிலைகளை விடவும் சொல்லமாட்டேன். அவை நாரிக்கு நல்லவை. முழந்தாளிட்டு, உள்ளங்கைகளை ஊன்றி, வயிறு கீழே தொங்கும்படி சற்று நேரம் இருந்து இடுப்பை மெல்ல ஆட்டினால், முள்ளந்தண்டில் இருக்கும் பாரம் குறையும். முஸ்லிம் சகோதரிகளுக்கு சுஜூதுக்குப் போகும் நிலை என்று சொன்னால் உடனே பிடிபட்டுவிடும். மேசையைப் பிடித்து முன்னால் சாய்ந்து நிற்பது, கதிரையில் மறுபக்கமாக இருந்து அதன் சாய்மானத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்வது, படுக்கும்போது இடது பக்கம் சரிந்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பது, எது சுகமாக இருக்கிறதோ அது. பாயில் படுப்பவர்கள் நேரே எழும்பாமல் பக்கவாட்டில் உருண்டு கையை ஊன்றி எழும்புங்கள். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி நாரியில் வைக்கலாம். வயிற்றில் வைக்க வேண்டாம்.

செய்யக்கூடாததும் ஒன்று இருக்கிறது. வயிற்றைத் தடவிப் பிள்ளையைத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அழுத்தித் திருப்பப் போனால் நஞ்சுக்கொடி கழன்று இரத்தம் போகலாம். நோவு வரட்டும் என்று ஆமணக்கெண்ணெய் குடிப்பதும் வேண்டாம். வயிற்றோட்டத்தில் உடம்பு வற்றி, நீளப்போகிற பிரசவத்துக்குத் தெம்பில்லாமல் போய்விடும்.

இன்னொன்று. நாரி உளைவு எல்லாமே பிள்ளையின் கிடையால் வருவதல்ல. 37 கிழமைக்கு முன்னர் உளைவு விட்டுவிட்டு ஒரு ஒழுங்கில் வந்தால், அல்லது காய்ச்சலும் சல எரிவும் சேர்ந்தால், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளையின் அசைவு குறைந்தாலும் அப்படித்தான். "முதுகுப் பக்கம் திரும்பியிருக்கும், அதுதான் தெரியல்ல" என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிரசவத்துக்கு வருவோம். நாடி நெஞ்சில் பட நன்றாகக் குனிந்திருக்கும் தலை ஏறத்தாழ 9.5 சென்ரிமீற்றர் குறுக்களவோடு இறங்கும். முதுகோடு முதுகாக இருக்கும் பிள்ளை பெரும்பாலும் தலையை அப்படிக் குனியாது, அதனால் 11.5 சென்ரிமீற்றர் வரை வரும். தலை சரியாகப் பதியாததால் சிலருக்கு நோவுக்கு முன்பே தண்ணீர்க்குடம் உடையும். குத்து வரும், போகும், ஒழுங்குக்கு வராது. ஒரு முழு நாள்கூட அப்படியே இழுபடலாம். தண்ணீர்க்குடம் உடைந்தால், நோவு இல்லாவிட்டாலும் வீட்டில் இருக்காதீர்கள். தலை மேலே இருக்கும்போது தொப்புள்கொடி முன்னால் வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. தண்ணீர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ போனால் இன்னும் அவசரம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வருகிறவர்களுக்கு 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடப்பது எளிது, ஆனால் உள்ளூர்ப் பாதைகள் இன்னும் நீளம்தான். 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

குடம் உடையாமல் மெல்லிய குத்து மட்டும் வந்து போகிற கட்டத்தில், படுத்து நித்திரை கொள்ளுங்கள், சாப்பிடுங்கள். கஞ்சி, இளநீர், பிளேன்ரீயும் விசுக்கோத்தும், எது இறங்குமோ அது. வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தண்ணீர் குடிக்காமல் சோர்ந்து வருகிற தாய்மாரை நிறையப் பார்க்கிறோம்.

நோவு வலுத்த பிறகு இந்தத் தாய்மாருக்கு வயிற்றைவிட நாரிதான் பிளக்கும். குத்துக்கும் குத்துக்கும் இடையிலும் அது முழுதாக அடங்காது. கூட ஒரு பெண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சில வைத்தியசாலைகளில் பிரசவ அறைக்குள் ஒருவரை அனுமதிக்கிறார்கள். கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். வருகிறவர் செய்ய வேண்டியது இது: இடுப்பின் பின்புறம் இரு பக்கமும் சின்னக் குழி விழுந்திருக்கும், அவற்றுக்கு நடுவில் தட்டையான எலும்பு. உள்ளங்கையின் அடிப்பாகத்தை அதில் வைத்து, முழங்கையை மடக்காமல், உடம்புப் பாரத்தைக் கொடுத்து அழுத்த வேண்டும். குத்து தொடங்கும்போது தொடங்கி, அடங்கும்போது எடுக்க வேண்டும். பாவம் பார்த்து மெல்லத் தடவினால் அவளுக்கு எரிச்சல்தான் வரும்.

படுவான்கரைத் தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி நினைவுக்கு வருகிறாள். வயல்வேலை செய்து காய்த்த கை அவளுடைய தாய்க்கு. விடிய விடிய அந்தக் கை நாரியை விட்டு எழும்பவில்லை. கருப்பை வாய் முழுதாகத் திறக்க முன்னரே அவளுக்கு முக்க வேண்டும் என்று வந்துவிட்டது. பிடரி பின்னால் அழுத்துவதால் மலம் வருவதுபோல இருக்கும், அதுதான் காரணம். அப்போது முக்கினால் கருப்பை வாயின் முன்விளிம்பு வீங்கி வழியை மறிக்கும். அவளைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒவ்வொரு குத்துக்கும் வாயால் ஊதி ஊதி விடச் சொன்னோம். "இஞ்ச பாருகா, என்னப் பார்த்து ஊது" என்று தாயும் கூடவே ஊதினா. கடைசியில் பிள்ளை 135 பாகை சுற்றித் திரும்பி, மற்றப் பிள்ளைகளைப் போலவே நிலம் பார்த்துப் பிறந்தது.

மல்லாந்து படுத்தே கிடப்பது இந்தப் பிரசவத்தில் நாரிக்குக் கொடுமை. நடக்க, நிற்க, சரிந்து படுக்க முடியுமா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் ஆபத்துக் குறைந்த தாய்மாரை நடமாட விடச் சொல்லியிருக்கிறது. கருப்பை வாய் மணிக்கு 1 சென்ரிமீற்றர் திறக்கவில்லை என்பதை மட்டும் வைத்துத் தலையிட வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது சலம் கழியுங்கள். நிரம்பிய சலப்பை தலையை இறங்க விடாது. வலி தாங்க முடியாவிட்டால் ஊசி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில பிள்ளைகள் திரும்பாது. அவற்றில் சில முகம் மேலே பார்த்தபடியே பிறந்துவிடும். சிலவற்றை வைத்தியர் கையால் திருப்புவார், அல்லது வெற்றிடக் கருவியால் எடுப்பார். கிழிவு சற்று ஆழமாகலாம். தலை இறங்காமல் நின்றுவிட்டால், பிள்ளையின் துடிப்பு தடுமாறினால், சிசேரியன்தான் வழி. அப்படிச் சொல்லும்போது தாமதிக்காதீர்கள். கையெழுத்துப் போட வேண்டியவள் உள்ளே இருக்கிறாள். வெளியே கதிரையில் இருக்கிறவர்கள் தொலைபேசியில் ஊரெல்லாம் கேட்டு முடிக்கும்வரை பிள்ளைக்குப் பொறுக்காது.

இப்படிப் பிறக்கும் பிள்ளையின் தலை சிலவேளை நீண்டிருக்கும், முகம் கன்றியிருக்கும். தலையைப் பிடித்து உருட்டி வடிவு எடுக்க வேண்டாம், சில நாட்களில் தானாகச் சரியாகும். தாய்க்கு வால் எலும்பு நோவு கிழமைக்கணக்கில் நிற்கலாம். பால் கொடுக்கும்போது சரிந்து படுத்துக் கொடுங்கள். முதல் பத்து நாளுக்குள் உங்கள் பகுதி மருத்துவ மாது வீட்டுக்கு வருவா. தையல் நோகிறது, சலம் அடக்க முடியவில்லை, மலம் கசிகிறது என்றால் மாமி பக்கத்தில் இருக்கிறா என்று மறைக்காமல் அவவிடம் சொல்லுங்கள். தனியே பேச வேண்டும் என்றால் அதையும் சொல்லலாம், மாமியைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டுக் கேட்போம்.