கடைசியாகச் சரிபார்த்தது எப்போது?

எந்த மென்பொருளை அலுவலகக் கணினிகளில் ஏற்றலாம் என்று பார்த்துச் சொல்வதும், அவற்றின் பட்டியலைப் பராமரிப்பதும் என் வேலை. "இதுக்கு ஓப்பன் சோர்ஸ்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டு வருகிறவர்கள் பலர் ஏற்கெனவே எதையோ இறக்கி வைத்துவிட்டுத்தான் வருவார்கள். எங்கே கிடைத்தது என்றால், "கூகுள்ல முதல்ல வந்துச்சு" என்பார்கள்.

முதலில் வருவது பல நேரம் விளம்பரம். கடவுச்சொற்களைச் சேமிக்கும் கீபாஸ் மென்பொருளின் பெயரில் 2023 அக்டோபரில் அப்படி ஒரு விளம்பரம் கூகுளில் வந்தது. விளம்பரத்தில் தெரிந்த முகவரி அசல். சொடுக்கினால் போய்ச் சேரும் தளத்தின் முகவரியிலோ முதல் எழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் குறி. திரையில் ஒட்டிய தூசி என்றுதான் தோன்றும். அங்கிருந்த நிறுவியில் தீநிரல் இருந்தது.

தெரிந்த தளம்தானே என்ற நம்பிக்கையும் போதாது. சோர்ஸ்ஃபோர்ஜ் ஒரு காலத்தில் ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமம் தரும் கட்டற்ற மென்பொருளைத் தேடுவோர் முதலில் போகும் இடம். குழப்பும் விளம்பரங்களையும், வேறு மென்பொருளைச் சேர்த்துத் திணிக்கும் நிறுவியையும் காரணம் காட்டி, 2013-இல் படத்தொகுப்பு மென்பொருளான கிம்ப்பின் குழு தன் விண்டோஸ் கோப்புகளை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. 2015-இல் அந்தப் பழைய பக்கத்தைத் தளமே கையில் எடுத்து, விளம்பரச் சரக்கு சேர்த்த நிறுவியை வழங்கியது பெரிய சர்ச்சையானது. 2016-இல் உரிமையாளர் மாறியதும் அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் எங்கேதான் தேடுவது? நான் பெரும்பாலும் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் (லினக்ஸை மற்ற மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் தொகுப்பு) மென்பொருள் பட்டியலிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான மென்பொருள்களின் பதிவில் அசல் தளத்துக்கு இணைப்பு இருக்கும்; உரிமக் கோப்பை ஒருவர் உட்கார்ந்து படித்திருப்பார். டெபியன் 1997-இல் வகுத்த கட்டற்ற மென்பொருள் நெறிகளுக்குப் பொருந்தாதது 'மெயின்' பிரிவுக்குள் வராது. விண்டோஸ்காரர்களுக்கும் இந்த வழி உதவும். டெபியனை நிறுவ வேண்டாம், டெபியன்காரர்கள் படித்ததை இரவல் வாங்கினால் போதும். ஆண்ட்ராய்டுக்கு, கட்டற்ற செயலிகளின் கிடங்கான எஃப்-டிராய்டு. ஒரு செயலி பயனரைப் பின்தொடர்ந்தாலோ, கட்டற்றதல்லாத சேவையை நம்பியிருந்தாலோ அதன் பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள். எந்தெந்த லினக்ஸ் வழங்கல்களில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதை ரெப்பாலஜி தளம் ஒரே பக்கத்தில் காட்டும். பல வழங்கல்கள் புதிய பதிப்பைத் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் அந்தத் திட்டம் உயிரோடு இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம்.

கண்டுபிடித்தாயிற்று, சரி. பட்டியலில் என்ன எழுதுவது? பெயரும் இணைப்பும் மட்டும் எழுதி வைத்த பட்டியல்களை நிறையப் பார்க்கிறேன். உரிமம் என்ற இடத்தில் 'ஓப்பன் சோர்ஸ்' என்று எழுதியிருப்பதால் ஒரு பயனும் இல்லை. ஜிபிஎல் (மாற்றி விநியோகித்தாலும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் உரிமம்) என்று எழுதினாலும் எந்த ஜிபிஎல் என்ற கேள்வி வரும். இரண்டாம் பதிப்பு மட்டுமா, இரண்டோ அதற்குப் பிந்தையதோ எதுவானாலும் சரியா? வேறொரு நிரலோடு சேர்த்து விநியோகிக்கும்போது இந்த வேறுபாடு முட்டுக்கட்டை ஆகும். எஸ்பிடிஎக்ஸ் என்ற பொது உரிமப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு இருக்கிறது. அதை அப்படியே எடுத்து எழுதிவிடுங்கள். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நிரல் எல்லோர் கண்ணிலும் படுகிறது, ஆனால் உரிமக் கோப்பே இல்லை என்றால்? பதிப்புரிமை முழுவதும் எழுதியவரிடமே இருக்கிறது. பட்டியலில் சேர்க்காதீர்கள். வேண்டுமானால் எழுதியவரிடம் உரிமம் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், பலர் சேர்த்துவிடுவார்கள்.

உரிமத்தோடு மென்பொருளின் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் ஒன்றே போதும். 7.2 வரை கட்டுப்பாடு குறைந்த பிஎஸ்டி உரிமம். 2024 மார்ச்சில் கொள்கையை மாற்றி, 7.4-இலிருந்து ஓப்பன் சோர்ஸ் உரிமங்களை அங்கீகரிக்கும் திறமூல முன்னெடுப்பு அமைப்பு ஏற்காத உரிமங்களுக்குப் போனார்கள். 2025 மே மாதம் எட்டாம் பதிப்பில் ஜிபிஎல் வகையைச் சேர்ந்த ஏஜிபிஎல்லையும் ஒரு தெரிவாகச் சேர்த்தார்கள். ஒரே பெயர், மூன்று பதில்கள். சேவையகங்களை நிரல் எழுதி அமைக்க உதவும் டெர்ராஃபார்ம் 2023 ஆகஸ்டில் கட்டற்றதல்லாத உரிமத்துக்கு மாறியது; பழைய நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற கட்டற்ற கிளை பிரிந்தது. 2022-இல் எழுதி அப்படியே விட்ட பட்டியலில் இவை எல்லாம் இன்னும் 'கட்டற்றது' என்றே நிற்கும்.

ஆகவே ஒவ்வொரு வரியிலும் 'கடைசியாகச் சரிபார்த்த நாள்' வேண்டும், சரிபார்த்தவர் பெயரோடு. நூறு வரிகளைச் சேர்க்க ஆசைப்பட்டு ஒன்றையும் திரும்பிப் பார்க்காதவரைவிட, இருபதை ஒழுங்காகப் பார்க்கிறவரின் பட்டியலைத்தான் நான் நம்புவேன். பெரிய பட்டியல்களே நின்றுபோயிருக்கின்றன. 1997-இல் ஃப்ரெஷ்மீட் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் பட்டியல் தளமான ஃப்ரீகோட் 2014-இல் புதுப்பிப்பதை நிறுத்தியது. திட்டங்களின் நிரலை வைத்திருந்த கூகுள் கோடு தளமும் 2016 ஜனவரியில் மூடியது. அங்கே காட்டிய மூலநிரல் இணைப்புகள் பல இன்று உதவாது. மூலநிரலைக் காப்பதற்கென்றே 2016-இல் பிரான்சின் இன்ரியா நிறுவனம் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் இருக்கிறது. அங்கே தரும் அடையாளக் குறியீடு நிரலின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டது, தளம் இடம் மாறினாலும் அது மாறாது. முக்கியமான வரிகளுக்கு அதையும் குறித்து வைக்கிறேன்.

புதிய பதிப்பு வெகுநாளாக வரவில்லை என்பதற்காக மட்டும் எதையும் தூக்கிவிட வேண்டாம். சில சிறு கருவிகள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டன. பாதுகாப்புக் குறை ஒன்றை யாராவது தெரிவித்தால் பதில் வருகிறதா என்று பாருங்கள், அது போதும்.

நீக்க வேண்டியதை நீக்கும்போதும் வரியை அழிப்பதில்லை. வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் குறியாக்க மென்பொருளான ட்ரூகிரிப்ட் எங்கள் பட்டியலில் இன்னும் இருக்கிறது: 'நிறுத்தப்பட்டது, 2014 மே மாதம் உருவாக்கியவர்களே பாதுகாப்பானதல்ல என்று அறிவித்தார்கள், பதிலாக வெராகிரிப்ட்' என்ற குறிப்போடு. அந்த வரியை எடுத்துவிட்டால், எங்கோ ஒரு பழைய பட்டியலில் அதைப் பார்த்த யாரோ ஒருவர் அடுத்த மாதமே பரிந்துரைத்து விண்ணப்பம் அனுப்புவார்.