புயல் நிவாரணம்: பெயர் எங்கே விடுபடுகிறது, கரண்ட் ஏன் வரவில்லை

புயல் ஓய்ந்ததும் விழுந்ததை அள்ளிக் கொட்டத்தான் எல்லாருக்கும் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். இடிந்த சுவர், பறந்த கூரை, உள்ளே புகுந்த தண்ணீர் எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். வீட்டு ஆட்கள் நிற்க, பக்கத்து வீடும் சேர்ந்து தெரிய ஒரு படம் வேண்டும். கணக்கெடுக்க விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) வருவதற்குள் நீங்களே இடத்தைச் சுத்தம் செய்துவிட்டால், சேதம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

நிவாரணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. இங்கே சொல்லும் தொகைகள் 2022 முதல் 2026 மார்ச் வரைக்கு ஒன்றிய அரசு வகுத்த அளவுகள், அதற்கு மேல் மாநில அரசு கூட்டிக் கொடுக்கலாம். பின்னணி இவ்வளவு போதும்.

பெரிய பள்ளம் வீட்டு வகையில்தான் இருக்கிறது. அந்த அளவுகளின்படி சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு, அது பக்காவோ (செங்கல், சிமெண்டில் கட்டியது) கச்சாவோ (மண் சுவர் போன்றவை வைத்தது), 1,20,000 ரூபாய். பகுதிச் சேதம் என்றால் பக்கா வீட்டுக்கு 6,500, கச்சாவுக்கு 4,000, அதுவும் குறைந்தது 15 சதவீதம் சேதம் இருக்க வேண்டும். குடிசை என்று எழுதிவிட்டால் அடியோடு போனாலும் 8,000தான். (2024 ஃபெஞ்சல் புயலில் தமிழக அரசு குடிசைக்கு 10,000 அறிவித்தது.) மண் சுவர் வைத்து ஓடு வேய்ந்து பல வருஷமாகக் குடியிருக்கிற வீட்டை வேகவேகமாக ‘குடிசை’ என்றோ, ஒரு சுவர் நிற்கிறதே என்று ‘பகுதி’ என்றோ குறித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் அந்த ஒரு கட்டத்தில் காணாமல் போகிறது. அதனால் விஏஓ எழுதும்போதே பக்கத்தில் நின்று என்ன வகை போட்டீர்கள் என்று கேளுங்கள். தப்பென்றால் அன்றைக்கே எழுத்தில் மனு கொடுங்கள். வாய்ச்சொல்லுக்கு எந்த ஆபீஸிலும் கோப்பு கிடையாது.

அடுத்த பள்ளம் பட்டா. சேதமான வீடு அனுமதி பெற்ற கட்டுமானம் என்று அதிகாரி சான்று தர வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருக்கிறது. பட்டா இல்லாமல் புறம்போக்கில் இருக்கிறவர்களை வெளியே தள்ள அந்த ஒரு வரி போதும். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு மூன்றையும் மனுவோடு வையுங்கள். வீட்டுத் தொகை இல்லையென்று சொன்னாலும் வீடு இழந்த குடும்பத்துக்கு உடைக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 என்று தனித் தலைப்பு உண்டு. யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மாடு செத்தால் பதறிப்போய் உடனே புதைத்துவிடாதீர்கள். கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 வரை உண்டு, ஆனால் கால்நடை மருத்துவர் பார்த்து எழுதிய சான்று வேண்டும். மனித உயிர் போனாலும் இதே கதை. பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்துவிட்டு, பிறகு வருஷக்கணக்கில் அலைகிற குடும்பங்களைப் பார்ப்பது கொடுமை.

விஏஓவைக் கேட்டால் ஆர்.ஐ.யிடம் (வருவாய் ஆய்வாளர்) போ என்பார், ஆர்.ஐ. தாலுகா ஆபீஸைக் காட்டுவார், அங்கே பட்டியல் கலெக்டரேட்டுக்குப் போய்விட்டது என்பார்கள். இந்தச் சுற்றில் மாட்டிக்கொள்ளாமல் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அப்படியும் நகரவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போட்டு, உங்கள் கிராமத்தின் சேதப் பட்டியல் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். யார் பெயர் எந்த வகையில் ஏறியது என்பது அதில் தெரிந்துவிடும். பெயர் இருந்தும் பணம் வரவில்லை என்றால், ஆதாரோடு கடைசியாக இணைத்த பழைய வங்கிக் கணக்கையும் பாருங்கள். மறந்துபோன கணக்கில் பணம் விழுந்து கிடப்பது உண்டு.

சரி, கரண்ட். ஆஸ்பத்திரி, குடிநீர், துணை மின் நிலையம் என்று முதலில் கொடுத்துவிட்டுக் கடைசித் தெருவுக்குக் கடைசியில்தான் வருவார்கள். 2018 கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவில் ஊர் ஜனங்களே கம்பம் சுமந்து குழி தோண்டிக் கொடுத்தார்கள். அது அவர்கள் மனசு. ஆனால் கம்பமும் டிரான்ஸ்பார்மரும் வாரியத்தின் சொத்து, அவற்றை மாற்ற வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்க யாருக்கும் உரிமை இல்லை. கேட்டால் ரசீது கேளுங்கள். இராப்பகலாகக் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன்மேல் கோபத்தைக் காட்டாதீர்கள், ஆள் பற்றாக்குறையை உண்டாக்கியது அவர் இல்லை.

மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் இணைப்பு எண் சொல்லிப் புகார் எண் வாங்கி வையுங்கள். அறுந்து கிடக்கும் கம்பி செத்துக் கிடப்பது போலத் தெரிந்தாலும் தொடக் கூடாது. யாரோ வீட்டு ஜெனரேட்டரிலிருந்துகூட அதில் மின்சாரம் திரும்பி ஏறலாம்.

இருட்டில் கிடந்த நாட்களுக்கு இழப்பீடு கேட்டு அலைய வேண்டாம், புயலுக்கு விதிவிலக்கு உண்டு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த உழைப்பைப் பில்லில் காட்டுங்கள். மீட்டர் நனைந்தோ எரிந்தோ போயிருந்தால் ரீடிங் எடுக்க வருமுன்பே பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். இல்லையென்றால் பழைய சராசரியைப் போட்டு, கரண்டே இல்லாத நாட்களுக்கும் பணம் கட்டச் சொல்வார்கள். தாமதமாக ரீடிங் எடுத்து இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட யூனிட்டை ஒரே பில்லில் போட்டு மேல் விகிதத்துக்குத் தள்ளினால், நாள் கணக்கில் பிரித்துப் போடச் சொல்லி மனு கொடுங்கள். உதவிப் பொறியாளர் கையை விரித்தால், வட்ட அளவில் இருக்கும் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு அதே மனு நகலோடு போகலாம்.