மோடம் ஏன் அப்படிக் கத்தியது?

வீட்டுக் கணினியை லேண்ட்லைன் வழியே பல்கலைக்கழகக் கணினியோடு இணைத்த பெட்டிதான் மோடம். ராத்திரி பத்தரை மணிக்கு மேல்தான் எங்கள் அஸ்தம்பட்டி வீட்டில் அதைப் போட அனுமதி. அதற்கு முன் போட்டால், "ஏற்காட்டுலேர்ந்து பெரியம்மா ஒரு மணி நேரமா அடிக்கறாங்களாம், எங்கேஜ்டாவே இருக்காம்" என்று அம்மா சத்தம் போடுவார். மோடம் போட்ட சத்தம் அதைவிடப் பெரிது.

லேண்ட்லைன் மனிதக் குரலுக்காக அமைந்தது. 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதில் வழி. கணினியின் 0, 1 எதுவானாலும் அந்தச் சந்துக்குள் ஒலியாக நுழைந்தாக வேண்டும்.

பல்கலைக்கழகத்து எண்ணைச் சுழற்றியதும் அந்தப் பக்க மோடம் 2100 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் எழுப்பும். வழியில் உள்ள எதிரொலி அடக்கிகள் (ஒருவர் பேசும்போது எதிர்த்திசைக் குரலை அடக்கும் கருவிகள்) அதைக் கேட்டு ஒதுங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் இரு பக்கமும் ஒரே சமயத்தில் பேச முடியாது. அடுத்து வரும் கரகரப்பு, கம்பியைத் தட்டிப் பார்ப்பது: எந்த அலைவரிசை தேய்கிறது, இரைச்சல் எவ்வளவு என்று அளந்து, தாங்கும் வேகத்தை இரண்டும் பேசி முடிக்கும். மழையில் கேபிள் இணைப்பு நனைந்திருந்தால் வேகம் படுத்துவிடும். பேரம் படிந்ததும் சத்தம் நிற்கும். உண்மையில் மோடம் தன் ஸ்பீக்கரை மட்டும்தான் அணைக்கிறது. கம்பிக்குள் இரைச்சல் ஓயாது.

பிறகு பயனர் பெயர், கடவுச்சொல். அங்குள்ள சர்வர் ஒரு ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண்) கொடுத்ததும், நம் வீட்டுக் கணினி அந்த வளாகத்தின் ஆய்வகக் கணினிகளில் ஒன்றுபோல ஆகிவிடும்.

ஆரம்பகால மோடம்கள் 0-க்கு ஒரு சுரம், 1-க்கு ஒரு சுரம் என்று நொடிக்கு 300 பிட் (பிட் என்பது ஒரு 0 அல்லது ஒரு 1) அனுப்பின. பின்னால் வந்த, நொடிக்கு 33,600 பிட் மோடம் ஒலி அலையின் வீச்சையும் (அலையின் உயரம்) கட்டத்தையும் (அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பது) சேர்த்து நொடிக்கு 3,429 முறை மாற்றும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏறக்குறைய பத்து பிட். அதிலும் ஒரு மெகாபைட் கோப்பு இறங்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். நடுவில் யாராவது பக்கத்து அறையில் ரிசீவரை எடுத்தால் போச்சு, முதலிலிருந்து.

கம்பியைத்தான் எல்லோரும் திட்டினோம். பாவம், அது செம்பு. மெகாஹெர்ட்ஸ் வரை சுமக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குரலை நொடிக்கு 8,000 முறை மாதிரி எடுத்து, மிச்சத்தை வடிகட்டி எறிந்ததுதான் தடை. அந்த வடிகட்டிக்கு முன்பே தரவைத் தனியே பிரித்தெடுக்கும் பெட்டி எக்ஸ்சேஞ்சுக்கு வந்ததும், அதே பழைய கம்பியில் டிஎஸ்எல் பிராட்பேண்ட் ஓடியது. பெரியம்மாவின் போனும் கூடவே அடித்தது.