பொத்தானுக்கும் திரைக்கும் நடுவே

மேசைக் கணினியின் முன்புறப் பொத்தானும் வீட்டு விளக்கின் சுவிட்சைப் போல மின்சாரத்தை நேரடியாக இணைக்கிறது என்றே பலர் கருதுகிறார்கள். பழைய கணினிகளில் அது உண்மைதான். 1995-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட, கணினி உறுப்புகளின் அமைப்புக்கான ஏ.டி.எக்ஸ். வரையறை பரவிய பிறகு அந்தப் பொத்தான் ஒரு வேண்டுகோளை மட்டுமே விடுக்கிறது; அதைப் பல உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுக்கொண்டால்தான் திரையில் எழுத்து தோன்றும். ஆகவே, கணினி கிளம்பாதபோது எந்த உறுப்பை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன், வேண்டுகோள் எதுவரை போய் நின்றது என்று பார்க்க வேண்டும்.

பிளக்கைச் செருகிப் பின்புற சுவிட்சைப் போட்டவுடனேயே எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி, ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட் காத்திருப்பு மின்னழுத்தத்தைத் தரத் தொடங்கிவிடுகிறது. பொத்தானை அழுத்தும்போது, உறுப்புகளெல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகையான மதர்போர்டில், இந்தச் சிறு மின்சாரத்தில் விழித்திருக்கும் சுற்று, பச்சைக் கம்பியின் மின்னழுத்தத்தைச் சுழியத்துக்கு இறக்குகிறது. அதன் பிறகே 12, 5, 3.3 வோல்ட் வழிகள் உயிர்பெறுகின்றன.

மின்விசிறிகூடச் சுழலாத கணினியில் முதலில் மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைக்க வேண்டிய இடம் ஊதாக் கம்பிதான். அங்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இல்லையென்றால் பழுது பெரும்பாலும் மின்வழங்கியிலோ அதற்கு முன்னாலோ இருக்கும். சரியாக இருந்தால், பொத்தானின் கம்பி சேரும் இரு ஊசிகளை மதர்போர்டில் திருப்புளி முனையால் ஒரு கணம் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கலாம். கணினி கிளம்பிவிட்டால் குற்றவாளி சில ரூபாய்ப் பொத்தான். மின்வழங்கியைத் தனியே கழற்றி, பச்சையையும் கருப்பையும் கம்பித்துண்டால் இணைத்து விசிறி சுழல்வதைப் பார்த்துவிட்டு "எஸ்.எம்.பி.எஸ். நல்லது" என்று தீர்ப்பெழுதுவது பழுதுநீக்குவோரிடையே பரவலான பழக்கம். அது விழிக்கிறது என்பதற்கு மட்டுமே அந்தச் சோதனை சாட்சி. சுமை ஏறும்போது தாக்குப்பிடிக்குமா என்பதைச் சொல்லாது. எனினும் மின்வழங்கியின் பெட்டியைத் திறக்கக் கூடாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டம் நேராக்கப்படும்போது ஏறத்தாழ 325 வோல்ட்டாகி, பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் தங்கியிருக்கக்கூடும்.

விசிறிகள் சுழன்றும் திரை இருண்டே கிடப்பதுதான் அதிகம் குழப்பும் நிலை. மின்னழுத்தங்கள் நிலைபெற்ற பிறகு, 100 முதல் 500 மில்லிநொடிகளுக்குள், சாம்பல் நிறக் கம்பி வழியாக "மின்சாரம் சீராக உள்ளது" என்ற சைகை வரும். அதுவரை பிராசசர் கட்டிப்போடப்பட்டிருக்கும். சைகை வந்ததும் அது மதர்போர்டில், கணினியைத் தொடக்கும் நிரலான பயாஸ் உள்ள சிப்பிலிருந்து முதல் கட்டளையைப் படிக்கிறது. பயாஸ் வழக்கமாக ராம் என்னும் தற்காலிக நினைவகத்தைத் தயார்செய்த பின்னரே திரையை எழுப்புவதால், ராமில் உள்ள கோளாற்றைத் திரையில் எழுதிக்காட்ட வழியில்லை. பீப் ஒலிகளும், புதிய மதர்போர்டுகளில் எரியும் சிறு எச்சரிக்கை விளக்குகளும் இந்தக் குறையை ஈடுகட்டவே வந்தன. ராம் பட்டையின் பொன்னிறத் தொடுமுனைகளை அழிப்பானால் தேய்த்துச் செருகும் நம்மூர்க் கைவைத்தியம் பல வேளைகளில் பலிப்பதும் இதனால்தான்: அங்கே படிந்த அழுக்கு ஒரே ஒரு முனையை மறைத்தாலும் தொடக்கம் அத்தோடு நின்றுவிடலாம். டி.டி.ஆர்.5 என்னும் புதுத் தலைமுறை ராம் பொருத்திய புதுக் கணினி முதன்முறை கிளம்பும்போது சில நிமிடங்கள் இருண்டிருப்பது பழுதன்று. ராமின் வேகத்தை அது பழகிக்கொண்டிருக்கிறது.

விசிறி ஒரு நொடி சுழன்று நின்றுவிட்டால், எங்கோ குறுக்குச்சுற்று ஏற்பட்டு மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்கிறது என்று ஐயுறலாம். மதர்போர்டை வெளியே எடுத்து அட்டையின் மேல் வைத்து, பிராசசரும் ஒரு ராமும் மட்டும் கொண்டு இயக்கும்போது கிளம்பி, கேபினட்டுக்குள் திருகியதும் மறுபடி நின்றால், மதர்போர்டுக்கு அடியில், அதன் திருகுத் துளைக்கு நேராக இல்லாத இடத்தில் பொருத்தப்பட்ட பித்தளைத் தாங்கியையோ உருண்டு விழுந்த திருகையோ தேட வேண்டும்.