பிஎச்டிக்கு சீட் தேடாதீர்கள், வேலை தேடுங்கள்

"அக்கா, ஜெர்மனியில் பிஎச்டி அட்மிஷன் கிடைத்துவிட்டது, ஸ்காலர்ஷிப்புக்கு எங்கே அப்ளை பண்ணணும்?"

இந்த வருடம் இப்படி வந்த ஆறாவது மெயில். பொறுக்கமுடியாமல் போனிலேயே கூப்பிட்டுவிட்டேன். கன்சல்டன்சிக்கு ஒன்றரை லட்சம் கட்டியிருக்கிறான் தம்பி. கையில் இருப்பது, ஒரு பேராசிரியர் "வழிகாட்டச் சம்மதம்" என்று எழுதிக்கொடுத்த ஒரு பக்கக் கடிதம். அதில் சம்பளம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்து, விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை முடக்கிக் காட்டும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போடச் சொல்கிறார்களாம், அம்மாவின் நகைவரை பேச்சு போய்விட்டது.

எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் யாருக்கும் ஏறமாட்டேன் என்கிறது. ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் மாதிரி நாடுகளில் பிஎச்டி பெரும்பாலும் ஒரு வேலை. முதலில் சீட், அப்புறம் உதவித்தொகை என்ற கணக்கே இங்கே தலைகீழ். பேராசிரியர் ஒரு திட்டத்துக்கு நிதி வாங்குவார், அதிலேயே ஒரு ஆளுக்கு மூன்று நான்கு வருடச் சம்பளம் இருக்கும், அந்த ஆளைத் தேடித்தான் விளம்பரம் வரும், நேர்காணல் வைப்பார்கள், தேறினால் வேலை ஒப்பந்தம். உருப்படியான சம்பளத்தோடு ஒப்பந்தம் கையில் இருந்தால் பிளாக்டு அக்கவுண்டுக்கே வேலையில்லை. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் ஸ்காலர்ஷிப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம், தனிப் போட்டி. சம்மதக் கடிதம் வந்ததும் பின்னாலேயே பணம் வராது.

விளம்பரங்கள் ஒன்றும் ரகசியமில்லை. யூராக்சஸ் தளத்தில் ஐரோப்பா முழுவதும் இருக்கிறது, நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர், ஸ்வீடனுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கம். எல்லாம் இலவசம். பிஎச்டி இடத்துக்கு யாராவது "பிராசஸிங் ஃபீஸ்" கேட்டால் போனை வையுங்கள்.

ஜெர்மன் விளம்பரத்தில் "டிவி-எல் 13, 65%" (மாநில அரசுப் பணியாளர் சம்பளப் பட்டியலில் 13ஆம் நிலை) என்று இருந்தால் அந்தச் சம்பள விகிதத்தில் 65 சதவீதம்தான் கைக்கு வரும் (பிடித்தம் வேறு). வேலை மட்டும் நூறு சதவீதம், அது இந்த ஊர் நகைச்சுவை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் இடங்களில் சம்பளம் நன்றாக இருக்கும். ஆனால் பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் இரண்டு வருடம் மாஸ்டர்ஸ் முடித்த ஒரு பெண், ஜெர்மன் இடத்துக்கே ராப்பகலாக விண்ணப்பம் தயாரித்து அனுப்பினாள். அதே நெட்வொர்க்கில் நெதர்லாந்திலும் ஒரு இடம் இருந்தது, கண்ணிலேயே படவில்லை.

அப்புறம், பேராசிரியர்களுக்கு இடம் கேட்டு அனுப்பும் அந்த மெயில்கள். "ரெஸ்பெக்டட் சார்" என்று ஆரம்பிக்கும், என் பேராசிரியர் ஒரு பெண்மணி. அவர் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில் ஒட்டியிருக்கும், ஐம்பது பேருக்குப் போன மெயில் என்று பார்த்ததுமே தெரியும். தயவுசெய்து அவருடைய ஒரு கட்டுரையையாவது படியுங்கள், உங்கள் ஆய்வேட்டில் நீங்களே கையால் செய்த வேலை அதோடு எங்கே ஒட்டுகிறது என்று நாலு வரி எழுதுங்கள். நூற்றுக்கு மேல் விண்ணப்பம் வரும்போது நாங்கள் முதலில் தேடுவது அந்த நாலு வரியைத்தான், மதிப்பெண் எல்லாம் அப்புறம்.

தம்பிக்கு மூன்று விளம்பரங்களின் லிங்க் அனுப்பினேன். ஒன்றுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். "கன்சல்டன்சியில் கேட்டுட்டு சொல்றேன் அக்கா" என்கிறான்.